குருதியின் உப்பும் உயிரின் காப்பும்

விரலில் முள் தைத்துக் குருதி கசிந்தபோது அதனை வாயில் வைத்துச் சுவைத்தவர் எவரும் அது உப்புக் கரிப்புடையது என்பதை அறிவர். அவ்வுப்பு தற்செயலாகக் கலந்ததன்று. ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 9 கிராம் உப்பைக் கரைத்தால் எவ்வளவு செறிவு உண்டாகுமோ, ஏறக்குறைய அவ்வளவு செறிவே பிளாஸ்மா எனப்படும் நம் குருதிநீருக்கும் உண்டு. கோடையில் உடல் வியர்த்து வழிந்தாலும், மழைக்காலத்தில் வியர்வையே இல்லாதிருந்தாலும், ஒரு நாள் ஊறுகாயும் கருவாடும் மிகுதியாக உண்டாலும், மறுநாள் உண்ணாநோன்பு இருந்தாலும், அச்செறிவு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்குமேல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இத்துணை நுட்பமான காவலை உடல் எவ்வாறு நடத்துகின்றது? அக்காவல் உடைந்துபோனால் அதனை மீட்பது எப்படி? இவ்விரு வினாக்களுக்கும் மனிதன் விடை கண்ட வரலாற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். அவ்வரலாற்றின் பெரும்பகுதி வங்காளத்தில் நிகழ்ந்தது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

முதலில் கணக்கைச் சிறிது பார்ப்போம். எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் உள்ளது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களின் உள்ளே அடங்கியிருக்கின்றது. எஞ்சிய 14 லிட்டர் உயிரணுக்களுக்கு வெளியே அவற்றைச் சூழ்ந்து நிற்கின்றது. அந்த 14 லிட்டரில் குருதிக்குழாய்களுக்குள் ஓடும் குருதிநீர் 3 லிட்டரே. இச்சிறு பகுதியே உணவையும் உயிர்வளியையும் கொண்டு செல்லும் வாகனம். அதன் அளவு குறைந்தால் நாடி தளரும். அதன் செறிவு மிகுந்தால் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறி அவை சுருங்கும். செறிவு குறைந்தால் நீர் உட்புகுந்து அவை வீங்கும். மூளையின் அணுக்கள் மண்டையோட்டுக்குள் அடைபட்டிருப்பவை ஆதலால், அவை வீங்குவது உயிருக்கே ஊறாகும். ஆகவே உடல் காக்க வேண்டியவை இரண்டு: ஒன்று குருதிநீரின் செறிவு, மற்றொன்று அதன் அளவு. இவ்விரண்டையும் வேறுபிரித்து உணர்ந்தால்தான் பின்வரும் வரலாறு நமக்கு விளங்கும்.

1817ஆம் ஆண்டில் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கிய காலரா என்னும் வாந்திபேதி, நாடு நாடாகக் கடந்து 1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. காலையில் நலமாயிருந்தவர் மாலையில் கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, உடல் நீலம் பாரித்து மடிவதைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். குருதி கருத்துத் தடித்திருப்பதைக் கண்ட அவர்கள், அதில் ஏதோ நச்சுப் புகுந்துவிட்டது என்று கருதி, நரம்பைக் கீறிக் குருதியை வெளியேற்றினர். பேதிக்கும் மருந்து கொடுத்தனர். நீரற்று வாடிக்கிடந்தவரிடமிருந்து எஞ்சிய நீரையும் கவர்ந்துகொண்ட மருத்துவம் அது.

அந்நாளில் வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் இருபத்திரண்டு வயது ஐரிஷ் இளைஞர் சண்டர்லாந்துக்குச் சென்று நோயாளிகளின் குருதியை வேதியியல் முறையில் பகுத்தாராய்ந்தார். குருதி தன் நீரில் பெரும்பகுதியை இழந்திருந்தது. உப்புகளையும் காரத்தையும் இழந்திருந்தது. இழந்தவை யாவும் நோயாளியின் கழிச்சலில் கிடைத்தன. கொடுக்கல் வாங்கல் கணக்கைப் போல் இருபுறமும் ஒத்திருந்த இம்முடிவை அவர் அவ்வாண்டின் டிசம்பர் இறுதியில் 'லான்செட்' இதழுக்கு எழுதினார். இழந்த நீரையும் உப்பையும் குருதிக்குத் திரும்பக் கொடுப்பதே மருத்துவம் என்பது அதன் கருத்து.

இக்கருத்தைச் செயலில் காட்டியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832ஆம் ஆண்டில், மரணத்தின் வாயிலில் கிடந்த ஒரு முதிய பெண்மணியின் நரம்பு வழியாக உப்பும் காரமும் கரைந்த நீரை அவர் செலுத்தினார். அரைமணி நேரத்திற்குள் ஆறு பைண்ட், அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர், உட்சென்றது. நின்றுபோயிருந்த நாடி மீண்டும் துடித்தது. முகத்தில் உயிர்க்களை வந்தது. நோயாளி பிழைத்தார் என்று கருதி லாட்டா அகன்றார். ஆனால் வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. கொடுத்த நீர் மறுபடியும் வெளியேறியது. சில மணி நேரத்தில் அப்பெண்மணி உயிர் துறந்தார். ஓட்டைக் குடத்தை ஒருமுறை நிரப்பினாற் போதாது, ஓட்டை அடைபடும் வரையில் வார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அம்மரணம் கற்பித்தது. ஆனால் அப்பாடத்தைக் கற்பார் இலர். நுண்ணுயிர்கள் நோய் விளைக்கும் என்பதே அறியப்படாத காலம் அது. நரம்பில் செலுத்திய நீர் கொதிக்க வைத்துத் தூய்மை செய்யப்பட்டதன்று. சாகுந்தறுவாயில் இருந்தவர்க்கே அம்முறை கையாளப்பட்டமையால் பலர் இறந்தனர். லாட்டாவும் 1833இல் காலமானார். முறை கைவிடப்பட்டது.

ஓஷானசி என்ன ஆனார்? அவர் 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் கல்கத்தாவுக்கு வந்தார். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கினார். பின்னர், இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவர் என்ற புகழைப் பெற்றார். காலராவின் கணக்கைத் தீர்த்த மனிதரே காலராவின் தாயகத்திற்கு வந்து சேர்ந்தும், அக்கணக்கு பயன்படாமற் கிடந்தது. அறிவு இருந்தது, அதனை ஏற்கும் காலம் வரவில்லை.

இதற்கிடையே உடலின் உள்ளியல்பைப் பற்றிய ஒரு புதிய எண்ணம் பிரான்சு நாட்டில் தோன்றியது. உயிரினம் இரண்டு சூழல்களில் வாழ்கின்றது. ஒன்று நம்மைச் சுற்றியுள்ள காற்றும் வெயிலும் நீருமான புறச்சூழல், மற்றொன்று உயிரணுக்களைச் சுற்றியுள்ள நீர்மமாகிய அகச்சூழல் என்று குளோது பெர்னார் என்னும் அறிஞர் உரைத்தார். புறச்சூழல் மாறினும் அகச்சூழல் மாறாதிருப்பதே உயர்ந்த உயிர்களின் உரிமை வாழ்வுக்கு அடிப்படை என்பது, அவர் மறைந்த 1878ஆம் ஆண்டிலேயே வெளிவந்த விரிவுரைகளில் வற்புறுத்தப்பட்டது. காலரா, அந்த அகச்சூழலையே வற்றச் செய்யும் நோய். இவ்விரண்டு செய்திகளையும் இணைத்துக் காண இன்னும் முப்பதாண்டுகள் வேண்டியிருந்தன.

இணைத்தவர் லியனார்டு ராஜர்ஸ். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில், நோயாளியின் குருதி எவ்வளவு தடித்துள்ளது என்பதை அளந்து, அவ்வளவுக்கேற்ப நரம்பு வழியாக உப்புநீரைச் செலுத்தும் முறையை வகுத்தார். குருதியினும் செறிவு மிக்க உப்புநீரை அவர் கையாண்டார். பின்னர்க் காரத்தையும் சேர்த்தார். அதற்கு முன்னர் மருத்துவமனைக்கு வந்த காலரா நோயாளிகளில் நூற்றுக்கு அறுபதின்மர் வரை இறந்தனர். அவர் முறையால் அவ்வெண் பாதியளவாகக் குறைந்தது. எனினும் இது மருத்துவமனைக்கு உரிய மருத்துவம். தூய்மை செய்த நீர், கண்ணாடிக் கலம், ஊசி, பயிற்சி பெற்ற கை ஆகிய யாவும் வேண்டும். கொள்ளைநோயோ, இவையெதுவும் இல்லாத சிற்றூர்களிலும் திருவிழாக் கூட்டங்களிலும் பரவிக்கொண்டிருந்தது.

உடலின் காவலர் யார் என்னும் வினாவுக்கு விடை 1947இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. எர்னெஸ்ட் பேசில் வெர்னி என்பவர், நாய்களின் மூளைக்குச் செல்லும் கழுத்துக் குழாயில் செறிவு மிக்க உப்புநீரைச் சிறிதளவு செலுத்தி, சிறுநீரின் போக்கை அளந்தார். குருதியின் செறிவு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உயர்ந்ததும் சிறுநீர் மிகவும் குறைந்துபோயிற்று. மூளையின் அடிப்பகுதியில் செறிவை உணரும் அணுக்கள் உள்ளன என்றும், அவை பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக ஒரு சுரப்பு நீரை வெளிவிடச் செய்கின்றன என்றும், அது சிறுநீரகத்தை அடைந்து நீரைச் சேமிக்குமாறு பணிக்கின்றது என்றும் அவர் நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளில் சுவீடன் நாட்டுப் பெங்க்ட் ஆண்டர்சன், வெள்ளாட்டின் மூளையில் அதே பகுதியில் உப்புநீரைச் செலுத்தினார். தாகமில்லாத ஆடு பேராவலுடன் நீர் குடிக்கத் தொடங்கியது. தாகமும் சிறுநீரும் ஒரே காவல்நிலையத்தின் இரண்டு வாயில்கள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரே சிறுநீராக வெளியேறுகின்றது. எஞ்சியது மீண்டும் குருதியையே சேர்கின்றது. மேற்சொன்ன சுரப்பு மிகுந்தால் சிறுநீர் குறைந்து மஞ்சளாகின்றது. சுரப்பு நின்றால் சிறுநீர் பெருகித் தண்ணீர் போலாகின்றது. கோடை நண்பகலில் வழிநடந்தவரின் சிறுநீர் நிறமேறியிருப்பதும், நீர்மோரை வயிறு நிறைய அருந்தியவர் அடிக்கடி வெளியே செல்வதும் இக்காவலின் செயலே. சிறுநீரகக் குழல்களின் சுவரில் நீர் கடந்து செல்லும் நுண்ணிய வாயில்களைப் பீட்டர் ஏக்ரி என்பார் 1992இல் இனங்கண்டு, 2003ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இங்கு ஓர் அருமையான உண்மை புலனாகின்றது. வியர்வை மிகுந்தவர் உப்பைவிட நீரையே மிகுதியாக இழக்கின்றார். குருதியின் செறிவு ஏறுகின்றது. வெர்னி கண்ட காவலன் உடனே விழித்துக்கொள்கின்றான். காலராவிலோ, வெளியேறும் நீர் குருதிநீரின் செறிவையே ஏறத்தாழ ஒத்திருக்கின்றது. நீரும் உப்பும் ஒரே வீதத்தில் போவதால் செறிவு பெரிதும் மாறுவதில்லை, அளவே குறைகின்றது. மணிக்கு ஒரு லிட்டர் வீதம் போகும் நோயாளிகளும் உண்டு. குருதிநீர் மொத்தமே மூன்று லிட்டர் என்பதை நினைத்தால் அச்சம் தோன்றுமன்றோ! செறிவின் காவலன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மாறுதலுக்கே விழிப்பவன். அளவைக் காக்கும் உணர்வுகளோ நூற்றுக்குப் பத்துப் பங்களவு குறைந்த பின்னரே இச்சுரப்பை முழுவீச்சில் தூண்டுகின்றன. அப்போது நாவறட்சி தோன்றும், சிறுநீர் நின்றுபோகும். ஆனால் சிறுநீரகம் எஞ்சியதைச் சேமிக்க வல்லதே அன்றி, இழந்ததைப் படைக்க வல்லதன்று. வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தாலோ, உப்பின் இழப்பு ஈடுசெய்யப்படாமல் குருதியின் செறிவும் கெடுகின்றது. அளவைக் காக்கப் போய்ச் செறிவை இழக்கும் நிலை அது. ஆகவே இரண்டையும் ஒருங்கே கொடுக்க வேண்டும். எவ்வழியாகக் கொடுப்பது என்பதே எஞ்சிய கேள்வி.

குடல் அழிந்துபோயிற்று, அதன் உட்சவ்வு உரிந்துபோயிற்று, ஆகவே வாய்வழிக் கொடுப்பது வீண் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. அதனைத் தகர்த்தவர்களுள் தலையாயவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. 1884இல் அதே நகரில் ராபர்ட் காக் காலராவின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். ஆயினும் அது எவ்வாறு நீரை வெளியேற்றுகின்றது என்பது எழுபதாண்டுகளுக்கு மேல் மறைபொருளாகவே இருந்தது. சம்புநாத் தே முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, நுண்ணுயிர்களை வடிகட்டி நீக்கிய சாற்றை அதனுள் செலுத்தினார். நுண்ணுயிர் ஒன்றேனும் இல்லாதபோதும் கட்டிய குடல் நீரால் நிறைந்து புடைத்தது. நோய்க்குக் காரணம் நுண்ணுயிர் சுரக்கும் நஞ்சு என்பதும், அது குடலைச் சிதைப்பதன்று, நீரைச் சுரக்குமாறு தூண்டுவதே என்பதும் இதனால் விளங்கின. 1959இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. எளிய கருவிகளைக் கொண்டு செய்த இவ்வாய்வுக்கு வாழ்நாளில் உரிய சிறப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1978இல் நோபல் அறக்கட்டளையின் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்ட அவர், 1985இல் மறைந்தார்.

அதே கல்கத்தாவில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர் துணிவான செயலொன்றைச் செய்திருந்தார். ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோசும் கரைத்து, கடுமை மிகாத காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கொடுத்தார். வாந்தியை அடக்க மாத்திரையும், நம் வீட்டுத் தோட்டங்களில் வளரும் கற்பூரவல்லியின் இலைச்சாறும் அவர் கையாண்டவை. 186 நோயாளிகளைப் பற்றிய அவர் கட்டுரை 1953இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஆனால் உட்சென்றது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்னும் அளவுகளும், அம்முறை ஏன் பயன் தருகின்றது என்னும் விளக்கமும் அதில் இல்லாமையால் உலகம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

விளக்கம் 1960இல் வந்தது. பிராகா நகரில் கூடிய அறிஞர் அவையில் ராபர்ட் கிரேன் என்பவர், குடலின் உட்சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து ஒரே வாயிலில் நுழைகின்றன என்னும் கருத்தை வெளியிட்டார். சோடியம் நுழைந்தால் நீர் அதனைப் பின்தொடரும். காலராவின் நஞ்சு வேறு வாயில்களைக் கெடுத்தபோதிலும், இவ்வாயிலை அது தொடுவதில்லை. நீரை உப்பு அழைத்துச் செல்லும். உப்பைச் சர்க்கரை அழைத்துச் செல்லும். அடைபட்ட கோட்டையில் திறந்தே இருந்த திட்டிவாயில் அது.

ஆயினும் செறிவு என்னும் பழைய பாடம் இங்கும் குறுக்கிட்டது. 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் கொடுத்த கரைசல் செறிவு மிகுந்ததாக அமைந்தமையால் நோயாளிகள் சிலர் இறந்தனர்; முயற்சி நிறுத்தப்பட்டது. 1968இல் டாக்கா நகரில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இளம் மருத்துவர்கள், கழிச்சலின் அளவை அவ்வப்போது அளந்து, அதற்கு ஈடாகக் குருதியின் செறிவை ஒத்த கரைசலை வாய்வழிக் கொடுத்தனர். நரம்பு வழி நீரின் தேவை நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது. கல்கத்தாவில் நடந்த ஆய்வுகளும் இதனை உறுதி செய்தன. 1832இல் லாட்டா கண்ட பாடம் 136 ஆண்டுகளுக்குப் பின் நிறைவெய்தியது.

அதன் பெருஞ்சோதனை 1971இல் வந்தது. கிழக்குப் பாகிஸ்தானின் போரால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் நம் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். எல்லையோரத்துப் போங்காவ் நகரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் நிரம்பி வழிந்தனர். தரையிலும் அவர்கள் கிடந்தனர். கழிச்சலின் நடுவே மண்டியிட்டே மருத்துவர் ஊசி குத்த வேண்டியிருந்தது. நரம்பு வழி நீர் இருப்பில் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையற் சோடா என்னும் கணக்கில் பொட்டலங்கள் கல்கத்தாவில் தயாராயின. குழாய் பொருத்திய பீப்பாய்களில் அவை கரைக்கப்பட்டன. தாயும் தமக்கையும் கணவனும் மகனுமே குவளையில் பிடித்து நோயாளிக்கு ஊட்டினர். இரண்டு திங்களில் 3,700 பேருக்கு மேல் அங்கு மருத்துவம் பெற்றனர். இறந்தவர் நூற்றுக்கு நால்வரினும் குறைவு. பிற இடங்களில் அம்முகாம் மக்களிடையே நூற்றுக்கு முப்பதின்மர் வரை மடிந்த காலம் அது.

படிப்பில்லாத தாய்மாரிடம் இத்தகைய மருத்துவத்தை ஒப்படைக்கலாமா என்று ஐயுற்றோர் அந்நாளில் பலர். ஐயத்திற்கு விடையாக அமைந்தவை அந்தத் தாய்மாரின் கைகளே. வங்காள தேசத்தில் 1980ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து சென்று, மூவிரற் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரைச் சேர் நீரில் கரைக்கும் முறையைக் கற்பித்தனர். சர்க்கரைக்கு ஈடாக அரிசிமாவைக் காய்ச்சிச் சேர்த்த கரைசலும் காலராவில் நற்பயன் தருவது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. வயிற்றுப்போக்குக் கண்டவருக்கு உப்பிட்ட கஞ்சிநீர் கொடுத்த நம் பாட்டிமாரின் வழக்கத்தில் உண்மை இருந்தது என்பதை இதனால் உணர்கின்றோம்.

உலகச் சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைத்த கரைசலின் செறிவு 311 அலகு. 2002ஆம் ஆண்டு முதல் அது 245ஆகக் குறைக்கப்பட்டது. லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்பது இன்றைய கணக்கு. பொட்டலத்தை அதிற் குறித்த அளவு தூய நீரிலேயே கரைத்தல் வேண்டும். நீரைக் குறைத்தால் செறிவு மிகும். கூட்டினால் பயன் குறையும். மயங்கிக் கிடப்பவர்க்கும், நாடி தளர்ந்தவர்க்கும், குடித்ததை ஏற்க இயலாதவர்க்கும் நரம்பு வழி நீரே உயிர் தரும்; அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதில் தாமதம் கூடாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? குருதி எதை இழந்தது என்பதை 1831லேயே ஒருவர் கண்டார். அதனைத் திரும்பக் கொடுக்கும் எளிய வழி ஒரு குவளையில் அடங்கியிருந்தது என்பதை அறிய ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மடிந்தவர் கோடிக்கணக்கானோர். உப்பும் சர்க்கரையும் நீரும் எக்காலத்திலும் எல்லார் வீட்டிலும் இருந்தன. இல்லாதிருந்தவை, அவற்றைச் சேர்க்கும் அளவைப் பற்றிய அறிவும், அவ்வறிவை எளிய மக்களிடம் ஒப்படைக்கும் நம்பிக்கையும் ஆகும். திலீப் மஹலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. ஆனால் இன்றும் உலகில் பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். ஒரு பொட்டலமும் ஒரு குவளைத் தூய நீரும் காலத்தில் கிட்டாமையே அவர்களுள் பலரின் மரணத்திற்குக் காரணம். அவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஆயத்தமாக வைத்திருப்பது, இவ்வறிவைத் தேடித் தந்தவர்களுக்கு நாம் ஆற்றும் கடமையாகும்.